க்னூ ரேடியோவில் சொந்த பிளாக்: உள்ளே போவதும் வெளியே வருவதும் சமமாக இல்லாதபோது

க்னூ ரேடியோ என்ற சிக்னல் செயலாக்க மென்பொருளில் பிளாக் (சிக்னலை வாங்கி, மாற்றி, அடுத்ததற்குக் கொடுக்கும் நிரல் துண்டு) எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பழகுவது சிங்க் (sync) பிளாக்கில். ஆயிரம் சாம்பிள் (சிக்னலின் தனித்தனி அளவீடுகள்) வந்தால் ஆயிரம் போகும். அதே பழக்கத்தோடு உள்ளே வருவதையும் வெளியே போவதையும் நாமே எண்ணிச் சொல்ல வேண்டிய 'ஜெனரல்_ஒர்க்' பக்கம் வரும்போதுதான் தொல்லை. 48,000 ஹெர்ட்ஸ் ஒலியை 44,100 ஆக்கும் பிளாக்கை எடுத்துக்கொள்வோம். 160 சாம்பிள் கொண்ட கட்டு உள்ளே போனால் 147 வெளியே வர வேண்டும்.

அதிகக் குழப்பம் 'என்அவுட்புட்_ஐட்டம்ஸ்' என்ற எண்ணில். அது வெளியீட்டு பஃபரில் (தற்காலிக நினைவிடத்தில்) உள்ள இடம், அவ்வளவுதான். முழுதும் நிரப்பியாக வேண்டும் என்றில்லை. 4,116-க்கு இடமிருந்து நீங்கள் எழுதியது 147 என்றால் 147-ஐத்தான் ரிட்டர்ன் செய்ய வேண்டும். பழக்கதோஷத்தில் 4,116 என்று சொன்னால், பிளாக்குகளை அழைத்து ஓட்டும் ஷெட்யூலர் அப்படியே நம்பிவிடும். பஃபரில் கிடந்த பழைய குப்பையும் அடுத்த பிளாக்குக்குப் போகும். பிழைச் செய்தி எதுவும் வராது, அதுதான் கொடுமை.

சிங்க் பிளாக்கில் தானாக நடக்கும் 'கன்ஸ்யூம்_ஈச்' (எத்தனை உள்ளீடு பயன்பட்டது என்று சொல்வது) இங்கே நம் பொறுப்பு. மறந்தால் அதே சாம்பிள்கள் திரும்பத் திரும்ப வரும். வந்தது 200, பயன்பட்டது 160 என்றால் 160 என்றே சொல்லுங்கள். மீதி 40 அடுத்த அழைப்பில் முதலில் வந்து நிற்கும். அதைத் தனியாகச் சேமிக்கவும் வேண்டாம்.

அப்புறம் 'ஃபோர்காஸ்ட்': இத்தனை வெளியீட்டுக்கு எத்தனை உள்ளீடு வேண்டும் என்று ஷெட்யூலருக்குச் சொல்வது. விகிதத்தை மட்டும் வைத்து எழுதினால், ஒரு வெளியீட்டுக்கு இரண்டு உள்ளீடு போதும் என்று கணக்கு வரும். ஆனால் நம் பிளாக்குக்கு 160 சேராமல் வேலை ஓடாது. ஷெட்யூலர் இரண்டை வைத்துக்கொண்டு அழைக்கும், நாம் 0 ரிட்டர்ன் செய்வோம், மறுபடி அழைக்கும். சிபியு சும்மாவே சூடாகும். 'செட்_அவுட்புட்_மல்டிபிள்' 147 என்று வைத்துவிட்டால், வெளியீட்டு இடம் 147-இன் மடங்காகவே கிடைத்து, கட்டுக்கணக்கு ஒழுங்காகும். (பைத்தானில் எழுதினால் கவனம்: 3.10 பதிப்பில் ஃபோர்காஸ்ட் எழுதும் முறையே மாறிவிட்டது.)

டேக் (ஒரு குறிப்பிட்ட சாம்பிளோடு ஒட்டி வரும் குறிப்பு) பயன்படுத்துகிறீர்களா? 'செட்_ரிலேட்டிவ்_ரேட்'டில் 147, 160 கொடுக்காவிட்டால் டேக் இருக்கும் இடம் போகப்போக விலகும். கடிகார மீட்பு (சிக்னலிலிருந்தே அதன் நேர ஒழுங்கைக் கண்டுபிடிப்பது) போல விகிதம் நிலையாக இல்லாத பிளாக்குகளில் தானியங்கி டேக் கடத்தலை நிறுத்திவிட்டு நாமே வைப்பது நல்லது.

எழுதி முடித்ததும் ஒரே உள்ளீட்டை, 'செட்_மேக்ஸ்_என்அவுட்புட்_ஐட்டம்ஸ்' (ஓர் அழைப்பின் உச்ச வெளியீடு) 147, 294, 1,029 என்று மாற்றி ஓட்டிப் பாருங்கள். வெளியீடு மாறினால், ஃபில்டரின் பழைய சாம்பிள்களையோ அதுபோன்ற வேறு நிலையையோ இரண்டு அழைப்புகளுக்கு நடுவே தொலைக்கிறீர்கள்.