எட்டு ஹார்டு டிஸ்க்குகளை ஒரே கார்டில் இணைப்பது எப்படி?

தக்கலையில் அத்தான் நடத்தும் ஸ்டுடியோவில் திருமண வீடியோக்கள் குவிந்து, மதர்போர்டில் டிஸ்க்குகளைச் செருகும் ஆறு சாட்டா இணைப்புகளும் நிரம்பிவிட்டன. மேலும் டிஸ்க்குகளை இணைக்கத் தனியாக ஒரு கண்ட்ரோலர் கார்டு பொருத்திக் கொடுத்தேன். அதே வேலையில் முதன்முறையாக இறங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். கேபினெட்டைத் திறந்து கார்டு செருகத் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

சாட்டாவுக்கு முந்தைய ஐ.டி.இ இணைப்புக் காலத்தில் ஒரு பட்டைக் கேபிளில் இரண்டு டிஸ்க்குகள் தொங்கும். 16 பிட்டுகள் பக்கம்பக்கமாகப் பாயும். வேகம் கூடக் கூட, அவை அத்தனையும் ஒரே கணத்தில் வந்துசேர்வது கடினமாயிற்று. சாட்டாவிலும், சர்வர் டிஸ்க்குகளுக்கான எஸ்.ஏ.எஸ் இணைப்பிலும் பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்கின்றன. அனுப்ப ஒரு ஜோடிக் கம்பி, பெற ஒரு ஜோடிக் கம்பி, ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனித் தடம். பழுது தேடும்போது இந்தத் தனித் தடம்தான் நமக்குக் கைகொடுக்கும்.

படி 1: கார்டு

எல்.எஸ்.ஐ 9211-8ஐ வகை எஸ்.ஏ.எஸ் கார்டு போதும். ஒரு தடத்துக்கு 6 கிகாபிட் வேகம். 8 பிட் தகவலை 10 பிட்டாக மாற்றி அனுப்புவதால் கையில் கிடைப்பது நொடிக்கு 600 மெகாபைட். சாதாரணச் சுழலும் டிஸ்க் இதில் பாதியைக்கூட எட்டாது. 12 கிகாபிட் கார்டுக்குச் செலவழிக்காதீர்கள். கார்டுக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர் 'ஐ.டி. மோடு' ஆக இருக்க வேண்டும். அப்போதுதான் கார்டு ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்ப்பது) எதுவும் செய்யாமல் டிஸ்க்குகளை அப்படியே கம்ப்யூட்டருக்குக் காட்டும். சர்வரின் பலத்த காற்றோட்டத்துக்கு வடிவமைத்த கார்டு இது. நம் ஊர்ப் புழுக்கத்தில் அதன் ஹீட்சிங்க் மேல் சிறு மின்விசிறி கட்டாயம் வேண்டும்.

எஸ்.ஏ.எஸ் கார்டில் சாட்டா டிஸ்க் வேலை செய்யும். சாட்டா மட்டுமே உள்ள மதர்போர்டில் எஸ்.ஏ.எஸ் டிஸ்க் வேலை செய்யாது. விலை குறைவு என்று பழைய எஸ்.ஏ.எஸ் டிஸ்க் வாங்குபவர்கள் இதை மறக்க வேண்டாம்.

படி 2: கேபிள்

நிதானம் வேண்டிய இடம் இதுதான். கார்டில் இரண்டு எஸ்.எஃப்.எஃப் 8087 வாய்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் நான்கு தடங்கள். ஒரு முனையில் இந்த வாய்க்கான செருகி, மறுமுனையில் நான்கு சாட்டா செருகிகள் உள்ள பிரிகேபிள் தேவை. இதில் இரண்டு வகை உண்டு. 'ஃபார்வர்டு' வகை, கார்டிலிருந்து டிஸ்க்குகளுக்குச் செல்வது. 'ரிவர்ஸ்' வகை, மதர்போர்டின் நான்கு சாட்டா இணைப்புகளிலிருந்து டிஸ்க் பெட்டியின் பின்பலகைக்குச் செல்வது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், இரண்டும் இறுக்கமாகச் செருகிக்கொள்ளும், ஆனால் உள்ளே கம்பிகள் போகும் வழி வேறு. எனக்கு வந்த பார்சலில் இருந்தது ரிவர்ஸ் வகை. டிஸ்க்குகள் சுழன்றன, கார்டும் உயிரோடு இருந்தது, திரையில் ஒரு டிஸ்க்கும் தெரியவில்லை. நான்கும் ஒருசேரக் காணாமல் போனால் டிஸ்க்குகளைச் சந்தேகிக்காதீர்கள். கேபிள் வகையைப் பாருங்கள்.

ஒரு மீட்டருக்கு மேல் நீளம் வேண்டாம். கொக்கியுள்ள செருகிகளையே வாங்குங்கள்.

படி 3: தடத்தைச் சோதித்தல்

மின்சாரம் வந்ததும் இரு முனைகளும் ஒன்றையொன்று எழுப்பி, 1.5, 3, 6 ஆகிய வேகங்களில் இரண்டுக்கும் தெரிந்த மிக உயர்ந்ததை ஏற்றுக்கொள்ளும். 6 வரவேண்டிய இடத்தில் 3 வந்தால் கேபிளைச் சந்தேகியுங்கள்.

அடுத்து, டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்து தரும் ஸ்மார்ட் அறிக்கையில் 199ஆம் எண்ணுள்ள வரி. தடத்தில் சிதைந்து வந்த தகவல்களின் எண்ணிக்கை அது. லினக்ஸில் ஸ்மார்ட்சிடிஎல், விண்டோஸில் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருள்கள் இதைக் காட்டும். எனக்கு முன்னதே பிடிக்கும். இந்த எண் கேபிளை மாற்றினாலும் குறையாது. இன்றைய எண்ணைக் குறித்துவைத்து, பெரிய கோப்பு ஒன்றை நகலெடுத்துவிட்டு மீண்டும் பாருங்கள். கூடியிருந்தால் அந்த டிஸ்க்கின் கேபிளை வேறொரு டிஸ்க்கோடு மாற்றிச் செருகுங்கள். பிழை கேபிளோடு இடம் மாறினால் குற்றவாளி கேபிள்தான், அல்லது கார்டில் அந்தத் தடம். டிஸ்க்கைத் தூக்கி எறிவதற்கு முன் இதைச் செய்யுங்கள். அதில் ஒரு குடும்பத்தின் திருமணம் இருக்கலாம்.

பின்சேர்க்கை 1: குளச்சலிலிருந்து எழுதிய வாசகருக்கு எல்லா டிஸ்க்குகளிலும் 199 மெதுவாக ஏறியதாம். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று செருகி முனைகளை அரிக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாக உலரவிட்டுச் செருகுங்கள். அழிப்பான் கொண்டு தேய்க்காதீர்கள், மெல்லிய தங்கப்பூச்சு போய்விடும்.

பின்சேர்க்கை 2: யு.எஸ்.பி பெட்டியிலிருந்து கழற்றிய டிஸ்க் சுழலவே இல்லை என்று இன்னொருவர் கேட்டிருந்தார். புதிய சாட்டா விதிப்படி மின் செருகியின் 3ஆம் முனையில் 3.3 வோல்ட் வந்தால் சில டிஸ்க்குகள் அணைந்தே இருக்கும். அந்த முனைமேல் மின்சாரம் கடத்தாத கேப்டான் டேப் ஒட்டினால் போதும்.