எண் சரி, இடம் தப்பு: வேலூர்ப் பக்கம் ஆயத்தொலைவுகளில் வரும் தவறுகள்

12.92, 79.13 என்றால் வேலூர் கோட்டைப் பக்கம். ஆனால் பூஜ்யம் எங்கே, அச்சு எந்தத் திசை, அலகு என்ன, பூமியை எந்த வடிவமாக வைத்துக்கொண்டோம் என்ற நான்கும் தெரிந்தால்தான் இந்த எண்கள் தரையில் இறங்கும். களத்தில் வரும் குளறுபடி பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றை யாரோ எழுதாமல் விட்டதால்தான்.

அடிக்கடி நடப்பது, நிமிடத்தைத் தசமமாக எழுதிவிடுவது. கோட்டையின் அட்சரேகை சுமார் 12 டிகிரி 55 நிமிடம். இதை 12.55 என்று தட்டினால் 40 கி.மீ. தெற்கே, போளூர்ப் பக்கம் போய் நிற்பீர்கள். 55-ஐ 60-ஆல் வகுத்தால் 0.9167, எழுத வேண்டியது 12.9167. போளூரும் நம்ம வட்டாரம்தான் என்பதால் வரைபடத்தில் பார்த்தாலும் சட்டென்று உறைக்காது. சோதிக்க ஒரு வழி உண்டு. நீளமான பட்டியலில் புள்ளிக்குப் பின் வரும் முதல் இரண்டு இலக்கம் ஓரிடத்தில்கூட 59-ஐத் தாண்டவில்லை என்றால் சந்தேகப்படுங்கள்.

அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறினால் தப்பு தானாகவே காட்டிக்கொடுக்கும். 79.13 வடக்கு, 12.92 கிழக்கு என்பது ஆர்க்டிக்கின் ஸ்வால்பார்ட். அங்கே இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் சுமார் 30 கி.மீ. தூரம்தான்! கூகுள் மேப்ஸில் அட்சரேகை முதலில் வரும். கேஎம்எல், ஜியோஜேசன் என்ற வரைபடத் தரவுக் கோப்புகளில் தீர்க்கரேகை முதலில்.

மீட்டர் கணக்குக்காக யுடிஎம்-க்கு (பூமியை 6 டிகிரி அகல மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் இடம் சொல்லும் கட்ட முறை) மாற்றினால் மண்டல எண்ணையும் கூடவே எழுதுங்கள். 78 முதல் 84 டிகிரி கிழக்கு வரை மண்டலம் 44. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்றும் இதில்தான்; ஓசூர் 43-க்குப் போய்விடும். கோட்டையின் கிழக்கு எண் (கிழக்குத் திசை அளவு) சுமார் 2,97,000 மீ., வடக்கு எண் சுமார் 14,29,000 மீ. இதே எண்களை 43 என்று திறந்தால் அரபிக்கடல். இன்னொன்று, யுடிஎம் கட்டத்தின் வடக்கு இங்கே உண்மை வடக்கிலிருந்து ஏறக்குறைய 25 நிமிடம் மேற்கே சாய்ந்திருக்கும். ஒரு கி.மீ. போனால் 7 மீட்டர் விலகல்.

பழைய இந்திய நில அளவைத் துறை வரைபட ஷீட்டிலிருந்து எடுத்த எண்ணை நேரே ஜிபிஎஸ்ஸில் போடாதீர்கள். பிரிட்டிஷ் நில அளவையாளர் லாம்டன் 1802-இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு (மற்ற அளவுகளுக்கு ஆதாரமான கோடு) அளந்து ஆரம்பித்த வேலையின் வாரிசுகள் அந்த ஷீட்டுகள். அவை எவரெஸ்ட் நீள்கோளத்தில் (பூமியின் வடிவமாகக் கணக்கில் வைக்கும், சற்றே தட்டையான உருண்டை) நிற்பவை. அதன் நிலநடுக்கோட்டு ஆரம் ஜிபிஎஸ் பயன்படுத்தும் இன்றைய டபிள்யூஜிஎஸ் 84 நீள்கோளத்தைவிடச் சுமார் 860 மீ. குறைவு, மையமும் வேறு. டேட்டம் (எந்த நீள்கோளம், அதன் மையம் எங்கே என்ற அடிப்படை) மாற்றாமல் விட்டால் புள்ளி நூறு மீட்டருக்கு மேல் நகரும்.

உயரத்தில் இன்னும் மோசம். வேலூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 215 மீ. ஆனால் ஜிபிஎஸ் கணக்கிடுவது நீள்கோளத்துக்கு மேலான உயரம். நம் பகுதியில் ஜியாய்டு, அதாவது சராசரிக் கடல்மட்டப் பரப்பு, நீள்கோளத்துக்குக் கிட்டத்தட்ட 90 மீ. கீழே கிடக்கிறது. திருத்தம் செய்யாத கருவியில் 125-ஐ ஒட்டி வந்தால் கருவி கெட்டுப்போகவில்லை. கால்வாய்க்கு மட்டம் எடுக்கிறீர்கள் என்றால் பெஞ்ச்மார்க்கிலிருந்து (உயரம் தெரிந்த குறி) லெவலிங் (மட்டக் கருவியால் உயர வித்தியாசம் அளப்பது) செய்வதே சரி.

கடைசியாக, வழக்குவரை போகும் விஷயம்: புலப்படம் (எஃப்.எம்.பி.), அதாவது ஒரு சர்வே எண் நிலத்தின் எல்லைகளைக் காட்டும் படம். அதில் உள்ள அளவுகளுக்கு அட்சரேகை கிடையாது. எல்லைக் கல்லுக்குக் கல் போட்ட கோட்டின் மீதும், அதிலிருந்து செங்குத்தாக எடுத்த ஆப்செட்டிலும்தான் எல்லா மூலையும் நிற்கும். ஆதிப்புள்ளி அந்தக் கல்தான். பழைய படமாக இருந்தால் அளவு லிங்க்கில் இருக்கலாம். 100 லிங்க் என்பது 66 அடி, அதாவது 20.12 மீ. லிங்க்கை அடி என்று படித்தால் பரப்பு 2.3 மடங்காகிவிடும்.

படத்தை போன் ஜிபிஎஸ்ஸை நம்பிச் செயற்கைக்கோள் படத்தின்மேல் ஒட்டுவதும் வேண்டாம். திறந்த வெளியிலேயே போனில் 5 மீட்டர்வரை பிழை சகஜம். சதுரமான 10 சென்ட் மனையின் பக்கமே 20 மீட்டர்தான். கால் பங்கு பக்கத்து வீட்டுக்காரர் நிலத்தில் ஏறிவிடும். சர்வேயரிடம் டிஜிபிஎஸ் (பிழை திருத்தித் துல்லியமாக்கிய ஜிபிஎஸ்) கருவியில் குறைந்தது மூன்று பழைய கற்களை எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு கற்களை வைத்துப் படத்தை நகர்த்தித் திருப்பி அளவுக்குக் கொண்டுவரலாம், ஆனால் ஒரு கல் இடம் மாறியிருந்தால் தெரியாது. மூன்றாவது கல் பொருந்தாவிட்டால் பொருத்துவதை நிறுத்திவிட்டு எந்தக் கல் நகர்ந்தது என்று தேட வேண்டும்.