‘பரவாயில்ல’ என்பது அளவு ஆகாது: பிசியோதெரபி குறிப்பில் வலியை எழுதும் முறை

பாம்பன், தங்கச்சிமடம் பக்கமிருந்து வருகிறவரிடம் “இப்ப எப்படி இருக்கு?” என்று கேட்டால், பெரும்பாலும் “பரவாயில்ல” என்றுதான் பதில் வரும். அது நமக்குத் தரும் மரியாதை. அதையே குறிப்பில் எழுதினால் அடுத்த முறை ஒப்பிட ஒன்றும் இருக்காது.

முதலில் இடம். “இடுப்பு” என்றால் ஒருவருக்குக் குறுக்கு, இன்னொருவருக்குத் தொடை மூட்டு. ஒற்றை விரலால் தொட்டுக் காட்டச் சொல்லி, உடல் படத்தில் குறியுங்கள். பிறகு அவர் வாயில் வந்த சொல்லை அப்படியே மேற்கோளில் எழுதுங்கள். கடுக்குது, குடையுது, எரியுது, மதமதன்னு இருக்கு எல்லாம் ஒன்றல்ல. எரிச்சலும் மதமதப்பும் சொன்னால் நரம்பைச் சோதிக்க வேண்டியிருக்கும்; “வலி உள்ளது” என்று எழுதினால் அந்தத் துப்பு போய்விடும்.

0 முதல் 10 வரையிலான வலி அளவை (0 என்றால் வலியே இல்லை, 10 என்றால் தாங்கவே முடியாத வலி) ஒரே எண்ணாக வாங்காதீர்கள். ஓய்வில், வேலையில், இரவில் என மூன்று எண் வேண்டும். எண் பிடிபடாதவரிடம் “போன வாரம் ஒரு ரூபாய் வலின்னா இப்ப எத்தனை பைசா?” என்று கேட்கலாம். ஆனால் 40 பைசாவை 4/10 என்று மாற்றி எழுதக் கூடாது. அது போன வாரத்தோடு ஒப்பிட்ட பங்கு. “40 பைசா” என்றே இருக்கட்டும்.

கடல்பாசி எடுக்கும் ஒரு பெண்ணின் குறிப்பு இப்படி இருக்கலாம்:

வலது தோள்பட்டை. “கையத் தூக்குனா சுள்ளுங்குது.” ஓய்வில் 2, தூக்கும்போது 7, இரவில் 5, அந்தப் பக்கம் புரண்டால் விழிப்பு, 2 முறை. பக்கவாட்டில் கை உயர்வது 110 டிகிரி வரை. குடம் தூக்குவது 3/10. காலை 6 மணிக்கு பாரசிட்டமால் 500 மி.கி. ஒன்று. கடைசியாகப் பாசிக்குப் போனது 4 நாள் முன்பு.

இதில் குடத்துக்குப் போட்ட எண் தலைகீழ்: 0 என்றால் முடியவே இல்லை, 10 என்றால் பழையபடி முடிகிறது. எது எந்த அளவு என்று பக்கத்தில் எழுதாவிட்டால் அடுத்தவர் குழம்புவார். வலி எண் 2 புள்ளியாவது இறங்கினால்தான் முன்னேற்றம் என்று பேசலாம். 7 ஒருநாள் 6 ஆவது எதையும் காட்டாது. மாத்திரை போட்ட நேரத்தை விட்டுவிட்டால் மாத்திரையின் பலன் நம் கணக்கில் ஏறிவிடும்.

இந்தக் கரையில் அதைவிடப் பெரிய பொறி மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மே மாதத்தில் தோள் வலி 7-லிருந்து 3-க்கு இறங்கினால், சிகிச்சையால்தான் என்று எப்படிச் சொல்வது? வலை இழுக்கவே இல்லையே. கரையில் குனிந்து உட்கார்ந்து வலையைச் சரிசெய்வதால் கழுத்து புதிதாகப் பிடித்தும் இருக்கலாம். ஒவ்வொரு வருகையிலும் “கடைசியாகக் கடலுக்குப் போன நாள், அன்று செய்த வேலை” என்று ஒரு வரி சேருங்கள். ஜூன் 15-க்குப் பின் ஒருமுறை அளக்காமல் சிகிச்சை முடிந்தது என்று எழுத வேண்டாம்.

குறுக்கு வலியோடு சிறுநீர் போகாமல் நின்றாலோ உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, நேரத்தோடு குறித்து உடனே மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

தப்பாக எழுதியதை ஒற்றைக் கோடு போட்டு அடித்து, கையெழுத்தும் தேதியும் இடுங்கள். ஒயிட்னர் வேண்டாம்.