அம்பாசிடர் மேனிஃபோல்டு ஸ்டட்: உடைக்காமல் கழற்றி, ஒழுங்காகப் போட

காலையில் ஸ்டார்ட் செய்ததும் என்ஜின் ஹெட் பக்கம் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் வருகிறது, வண்டி சூடானதும் அடங்கிவிடுகிறது. இதைக் கேட்டு வால்வு டேப்பெட்டில் கை வைப்பதற்கு முன்னால், என்ஜின் புகையைச் சைலன்சர் பைப்புக்குக் கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைப் பாருங்கள். ஹெட்டோடு அது சேரும் இடத்தில் கரிக்கோடு தெரிந்தால் புகை அங்கேதான் கசிகிறது. தள்ளிப்போடாதீர்கள், அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. வாசனையே இல்லாமல் வண்டிக்குள் வந்து சேரும்.

மேனிஃபோல்டை ஹெட்டோடு பிடித்திருக்கும் தலையில்லாத போல்ட்டுகள்தான் ஸ்டட். பெரும்பாலும் உடைவது இரண்டு ஓரத்து ஸ்டட்கள்தான். 40 செ.மீ. நீள வார்ப்பிரும்பு 400 டிகிரி சூடேறினால் ஒன்றேமுக்கால் மில்லி வரை நீளும். ஹெட் அந்த அளவுக்குச் சூடாவதில்லை, அதனால் நீளுவதும் இல்லை. இந்த இழுபறி முழுவதையும் ஓரத்து ஸ்டட்கள்தான் தாங்குகின்றன. சென்னையில் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் தெருக்களில் நிற்கும் வண்டிக்கு உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. நட்டும் ஸ்டட்டும் ஒரே இரும்பாக இறுகிவிடும்.

வாங்கும்போதே கவனம் வேண்டும். பழைய 1489 சிசி என்ஜின் அங்குல அளவில் வந்தது. ஸ்டட் 5/16 அங்குலம். ஹெட்டுக்குள் போகும் பக்கம் யு.என்.சி. என்ற அகல மரை, அங்குலத்துக்கு 18. நட் பக்கம் யு.என்.எஃப். என்ற நெருக்க மரை, அங்குலத்துக்கு 24. கடையில் '8 மில்லி போதும்' என்று எடுத்துக் கொடுப்பார்கள். தடிமன் கிட்டத்தட்ட ஒன்றுதான், மரை வேறு. அந்த 8 மில்லி (எம்8) ஸ்டட் இரண்டு சுற்று சுலபமாகப் போகும், பிறகு இறுகும். அதற்கு மேல் திருகினால் ஹெட்டின் மரை போய்விடும். புது ஸ்டட் எப்போதும் கிடைக்கும், நல்ல ஹெட் கிடைப்பது அரிது. (இசுசு 1.8 என்ஜின் போட்ட வண்டி என்றால் மெட்ரிக் அளவு. பழையதைக் கழற்றி அளந்த பிறகே வாங்குங்கள்.)

தேவைப்படுபவை: ஸ்டட் 6, நீளமான பித்தளை நட் 6, தடிமனான வாஷர்கள், மேனிஃபோல்டு பேக்கிங் 1, காப்பர் கிரீஸ், ஓட்டையில் மரை வெட்ட 5/16 யு.என்.சி. டேப். பித்தளை நட் துருப்பிடித்து ஒட்டாது, அடுத்த முறையும் சுலபமாகக் கழலும். ஸ்பிரிங் வாஷர் வேண்டாம், சூட்டில் விறைப்பு போய்விடும். ஸ்டட் லேத்தில் கடைய வேண்டி வந்தால் சாதாரண எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) கம்பியில் கடையாமல் இ.என்.19 என்ற உறுதியான உருக்கைக் கேளுங்கள். டேப், நட் வகைக்குச் செம்புதாஸ் தெரு, பிராட்வே பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் தேடலாம். ஒட்டிப்போன ஸ்டட்டை எடுக்கக் கை தேர்ந்தவர் வேண்டுமென்றால் காசிமேட்டில் படகு என்ஜின் பார்க்கும் பட்டறைகளில் விசாரியுங்கள். உப்பில் இறுகிய இரும்பு அவர்களுக்கு அன்றாட வேலை.

இரண்டு நாள் முன்னதாகவே ஒவ்வொரு நட்டிலும் துரு இளக்கும் ஸ்பிரே அடிக்க ஆரம்பியுங்கள், நாளுக்கு மூன்று முறை. வேலையன்று பேட்டரியைக் கழற்றி, ரேடியேட்டர் தண்ணீரை இறக்கி, கார்புரேட்டரை எடுத்து, பெட்ரோல் பைப்பை அடைத்துவிடுங்கள். பிறகு சைலன்சர் பைப்பைப் பிரியுங்கள். நட்டுக்கு 1/2 அங்குல ரிங் ஸ்பானர்தான் போட வேண்டும். 13 நம்பர் 0.3 மில்லி லூசாக உட்கார்ந்து முனையை மழுக்கிவிடும்.

நட்டை முதலில் மயிரிழை அளவு இறுக்கும் பக்கம் அசையுங்கள், பிறகு கழற்றும் பக்கம். கால் சுற்று வந்ததும் நிறுத்தி, எண்ணெய் விட்டு, திரும்ப உள்ளே கொண்டுபோங்கள். 'கிறீச்' என்று சத்தம் வந்தால் துரு நொறுங்குகிறது, நல்லது. சத்தமே இல்லாமல் மெழுகு போல வளைந்து கொடுத்தால் ஸ்டட் முறுக்கிக்கொள்கிறது, உடனே நிறுத்துங்கள். அந்த நட்டை உளியால் பிளந்து எடுப்பதே நல்லது.

மேனிஃபோல்டு வந்ததும் போர்ட்டுகளில் துணி அடையுங்கள். முழுசாக நிற்கும் ஸ்டட்டில் இரண்டு நட்டைப் போட்டு ஒன்றோடொன்று லாக் செய்து, உள்பக்க நட்டைத் திருகினால் வந்துவிடும். உடைந்து 3 மில்லியாவது வெளியே நின்றால் அதன்மேல் ஒரு நட்டை வைத்து சி.ஓ.2 வெல்டிங் அடியுங்கள். பக்கத்தில் பெட்ரோல் வாடையே இருக்கக் கூடாது, மணல் வாளி இருக்க வேண்டும். சூடு கொஞ்சம் தணிந்ததும் ஸ்டட் அடியில் மெழுகுவர்த்தியை வைத்துத் தேயுங்கள். மெழுகு உருகி மரைக்குள் இறங்கும். பிறகு முன்னும் பின்னுமாக அசையுங்கள். முதல் நட் பெயர்ந்து வந்தால் இன்னொன்று அடியுங்கள், மூன்றாவது தடவையில் வருவதும் உண்டு.

ஹெட் மட்டத்துக்கே உடைந்திருந்தால் ட்ரில்தான். மேனிஃபோல்டு ஓட்டைக்குள் சரியாக உட்காரும்படி, நடுவில் 3.2 மில்லி துளையோடு ஒரு புஷ் (சின்னக் குழாய்த் துண்டு) கடைந்து வாங்குங்கள். மேனிஃபோல்டை மாட்டி அதன் வழியாகத் துளை போட்டால் ட்ரில் ஓரம் சாயாது. அடுத்து 5 மில்லி, கடைசியாக 6.5. மிச்ச மரையைக் கொக்கியால் நோண்டி எடுத்துவிட்டு டேப் விடுங்கள். துளைக்குள் விட்டு உடைந்த ஸ்டட்டைத் திருகி எடுக்கும் ஈசி அவுட் வேண்டாம். அது உள்ளே உடைந்தால் சாதாரண ட்ரில் அதைத் தொடவே தொடாது. மரை போன ஓட்டைக்கு 8.3 மில்லி துளை போட்டு ஹெலிகாயில் (புது மரையாக உட்காரும் கம்பிச் சுருள்) வைக்கலாம்.

புது ஸ்டட்டோடு நின்றுவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. மேனிஃபோல்டு முகத்தில் இரும்பு ஸ்கேலை வைத்து, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டை விட்டுப் பாருங்கள். 0.25 மில்லி தகடு நுழைந்தால் முகம் வளைந்திருக்கிறது, பட்டறையில் ஃபேஸ் எடுத்து மட்டமாக்க வேண்டும். இன்னொன்று: இன்டேக் (கார்புரேட்டர் உட்காரும் மேனிஃபோல்டு), எக்ஸாஸ்ட் இரண்டின் காதையும், அதாவது நட் பிடிக்கும் விளிம்பையும், ஒரே வாஷர் அழுத்துகிற இடங்களில் இரண்டு காதும் ஒரே தடிமனாக இருக்க வேண்டும். ஒன்று தேய்ந்திருந்தால் வாஷர் சாயும், ஸ்டட் வளையும், சில மாதத்தில் திரும்ப உடையும்.

ஸ்டட்டுக்குக் காப்பர் கிரீஸ் தடவி, குறைந்தது 12 மில்லி உள்ளே போகும்படி கையால் திருகி, கடைசியில் லேசாக ஒரு இறுக்கு. அடியில் முட்டவிட்டு இறுக்காதீர்கள். ஓட்டையில் தண்ணீர் கசிந்தால் அது ஹெட்டுக்குள் தண்ணீர் ஓடும் வாட்டர் ஜாக்கெட் வரை போகிறது, அங்கே கிரீஸுக்குப் பதில் சூடு தாங்கும் சீலன்ட். பேக்கிங்கை உலர்வாகவே வையுங்கள், தகட்டு முகம் மேனிஃபோல்டைப் பார்த்து. இன்டேக்கையும் எக்ஸாஸ்ட்டையும் இணைக்கும் போல்ட்டுகளை முதலில் லூசாக விட்டு, ஹெட் நட்களை இறுக்கிய பிறகு அவற்றை இறுக்குங்கள்.

நடுவிலிருந்து ஓரத்துக்கு, மூன்று சுற்றாக, 20 நியூட்டன் மீட்டர் வரை. அதற்கு மேல் இறுக்கினால் மேனிஃபோல்டு நீள இடம் இல்லாமல் பழையபடி ஸ்டட்தான் உடையும். ஒரு முறை நன்றாகச் சூடாக்கி, முழுக்க ஆறவிட்டு டார்க் ரென்ச்சால் ஒரு சுற்று பாருங்கள். 200 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு சுற்று.