வளரும் நிறுவனத்துக்குத் திறமூல மின்னஞ்சல்: தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குன்னூரில் தேயிலையைக் கலந்து பொட்டலமிட்டு வெளியூர்களுக்கு அனுப்பும் ஒரு நிறுவனத்தில் கணினிப் பிரிவைக் கவனித்துவருகிறேன். 12 பேர் இருந்தவரை இலவச மின்னஞ்சல் கணக்குகளே போதுமாக இருந்தன. ஊழியர் எண்ணிக்கை 60ஐத் தாண்டி, கோயம்புத்தூரிலும் கொச்சியிலும் கிளைகள் வந்த பிறகு சொந்த டொமைனில் அஞ்சலும், பொது நாட்காட்டியும், அனைவருக்குமான முகவரிப் பட்டியலும் தேவைப்பட்டன. தலைக்கு இவ்வளவு என்று மாதந்தோறும் கட்டணம் கட்ட வேண்டாம் என்பதால், மூலநிரலை எவரும் பார்க்கவும் மாற்றவும் கூடிய திறமூல மென்பொருளை நாடினோம். அது நல்ல முடிவு என்றே இன்றும் கருதுகிறேன். தேர்வு செய்த விதத்தில்தான் தவறுகள் நேர்ந்தன. மலையில் வேறு சில அலுவலகங்களுக்கு உதவப் போனபோதும் அதே தவறுகளைக் கண்டேன்.

எல்லாவற்றுக்கும் வேராக இருப்பது, வசதிகளின் பட்டியலை மட்டும் ஒப்பிட்டு முடிவெடுக்கும் பழக்கம். மென்பொருளை நிறுவ ஒரு நாள் போதும். அதன் பிறகு பாதுகாப்புத் திருத்தங்களை உடனுக்குடன் போடுவதும், நிரம்பிவரும் வட்டைக் கவனிப்பதும், போய்ச் சேராத அஞ்சல் எங்கே நின்றது என்று சர்வரின் செயல்பாட்டுப் பதிவான லாக்கைப் புரட்டுவதும் ஆண்டுக்கணக்கில் நீளும் வேலை. 2022இல் ஜிம்ப்ரா என்ற மின்னஞ்சல் மென்பொருளில் கண்டறியப்பட்ட ஒரு குறைபாட்டில், தீங்கான கோப்பு இணைக்கப்பட்ட அஞ்சல் வந்து சேர்ந்தாலே தாக்குபவர் சர்வருக்குள் நுழைய வழி பிறந்தது. ஊழியர் அதைத் திறக்க வேண்டிய தேவைகூட இருக்கவில்லை. அத்தகைய செய்தி வந்த அன்றே உட்கார்ந்து திருத்தத்தைப் போடப்போகிறவர் யார், அவர் விடுப்பில் இருந்தால் அடுத்தவர் யார் என்று பெயர் சொல்ல முடியாத நிறுவனம், உரிமக் கட்டணத்தில் மிச்சமாகும் தொகையின் ஒரு பகுதியை வெளிப் பராமரிப்புக்கு ஒதுக்கிவிட்டுத்தான் மென்பொருளைத் தேட வேண்டும்.

அடுத்த தவறு, 'திறமூலம்' என்ற சொல்லையே உத்தரவாதமாக எடுத்துக்கொள்வது. ஜிம்ப்ராவின் 8.8.15 பதிப்பு வரை, இறக்கி அப்படியே நிறுவக்கூடிய இலவசத் தொகுப்பை அந்நிறுவனமே வழங்கியது. 2020இல் வந்த 9ஆம் பதிப்பிலிருந்து மூலநிரல் மட்டுமே திறந்திருந்தது. ஆயத்தத் தொகுப்பு பணம் கட்டுவோருக்கு என்றாகிவிட்டது. பழைய பதிப்புக்கான ஆதரவும் 2023 டிசம்பரோடு முடிந்ததால், அதை நம்பியிருந்தவர்கள் மூலநிரலிலிருந்து தாமே தொகுத்துக்கொள்ளவோ, மூன்றாம் தரப்பினரின் தொகுப்பை நம்பவோ, குடிபெயரவோ வேண்டியிருந்தது. இதற்கு மாறான அனுபவமும் உண்டு. அஞ்சல், நாட்காட்டி, தொடர்புகள் மூன்றையும் ஒன்றாகத் தரும் சோகோ (SOGo) என்ற குரூப்வேரை உருவாக்கிய கனடா நிறுவனத்தை 2021இல் அமெரிக்காவின் அகமாய் நிறுவனம் வாங்கிய பிறகும், பிரான்ஸைச் சேர்ந்த ஆலின்டோ நிறுவனம் சோகோவின் பொறுப்பை ஏற்றதால் புதிய பதிப்புகள் தொடர்ந்து வருகின்றன. ஆகவே உரிமத்தின் பெயரோடு நின்றுவிடாமல், நிறுவத்தக்க தொகுப்பை யார் வெளியிடுகிறார், கடைசியாக எப்போது வெளியிட்டார், நமக்கு வேண்டிய கைபேசி ஒத்திசைவும் பேக்கப்பும் இலவசப் பதிப்பிலேயே உள்ளனவா என்பதையும் பார்க்க வேண்டும்.

சர்வரை எங்கே வைப்பது என்பதில் நீலகிரிக்காரர்கள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் கேபிள் அறுகிறது. மரம் விழுந்தால் மின்சாரம் போகிறது. அலுவலக மேசைக்கடியில் சர்வர் இருந்தால் வரும் அஞ்சல் உடனே தொலைந்துவிடாது. போஸ்ட்ஃபிக்ஸ் போன்ற அனுப்பும் சர்வர்கள் இயல்பாக 5 நாள் வரை மீண்டும் மீண்டும் முயலும். ஆனால் கொச்சியில் இருப்பவர் நேற்றைய அஞ்சலைக்கூடத் திறந்து பார்க்க முடியாமல் தவிப்பார். வாடகைச் சர்வரை எடுத்தால் வேறொரு சிக்கல் வரும்: சர்வர்கள் தமக்குள் அஞ்சலைக் கைமாற்றும் வாசலான போர்ட் 25 வழியாக வெளியே அனுப்புவதை அமேசானின் மேகச் சேவை இயல்பாகவே முடக்கி வைத்திருக்கிறது; கூகுளின் மேகச் சேவையும் அனுமதிப்பதில்லை. பணம் கட்டும் முன்பே இந்தப் போர்ட்டைப் பற்றியும், ஐ.பி. முகவரி எந்தச் சர்வர் பெயருக்குரியது என்று காட்டும் தலைகீழ் டி.என்.எஸ். பதிவைப் பற்றியும் கேட்டுவிடுவது நல்லது.

அஞ்சல் போய்ச் சேருவதற்கு நம் டொமைனில் மூன்று பதிவுகளைச் சரியாக அமைக்க வேண்டும்: நம் பெயரில் எந்தச் சர்வர்கள் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்.பி.எஃப்., அஞ்சலின் மின்கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் டி.கே.ஐ.எம்., இந்தச் சோதனைகளில் தவறும் அஞ்சலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் எல்லா அனுப்புநர்களிடமும் முதலிரண்டில் ஒன்றையாவது கேட்கிறது. ஒரே நாளில் 5,000 அஞ்சல்களுக்கு மேல் அனுப்புவோரிடம் மூன்றையும் கேட்கிறது. இதில் பலரும் மறப்பது, ஊழியர்கள் அல்லாமல் தானாக அஞ்சல் அனுப்பும் கருவிகளை. எங்கள் பில்லிங் மென்பொருள் வேறொரு சர்வர் வழியாக இன்வாய்ஸ் அனுப்பிக்கொண்டிருந்ததை எஸ்.பி.எஃப். பதிவில் சேர்க்காததால், அவை வாடிக்கையாளர்களின் ஸ்பேம் பெட்டிக்குள் விழுந்ததை, பாக்கி வசூலாகாத பிறகுதான் உணர்ந்தோம்.

நாட்காட்டியைச் சோதித்துப் பார்க்காமல் வாங்குவதும் பரவலான தவறு. நாட்காட்டியைச் சர்வரோடு ஒத்திசைக்கும் கால்டேவ் நெறிமுறையை ஐபோன் நேரடியாகப் புரிந்துகொள்ளும். ஆண்ட்ராய்டுக்குத் தனிச் செயலி தேவை. விண்டோஸின் பழைய அவுட்லுக்குக்குச் செருகுநிரல் தேவை. கணக்கர் முதல் தேயிலைத் தயாரிப்பை மேற்பார்க்கும் டீ மேக்கர் வரை உண்மையில் பயன்படுத்தப்போகிற ஐந்தாறு பேரின் சொந்தக் கைபேசிகளில் இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்த பிறகே முடிவு சொல்ல வேண்டும்.

பேக்கப் விஷயத்தில் எங்களுக்கு நேர்ந்ததை விரிவாகச் சொல்கிறேன். இரவுதோறும் அஞ்சல் கோப்புறைகள் வேறு வட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. சர்வர் வட்டு பழுதாகி அவற்றைத் திரும்பக் கொண்டுவந்தபோது ஒவ்வொருவரின் அஞ்சலும் அப்படியே இருந்தது. ஏற்றுமதி மேலாளரின் நாட்காட்டி மட்டும் வெறும் கட்டங்களாக நின்றது. கண்டெய்னர் ஏற்றும் தேதிகளும் ஏலத் தேதிகளும் அதில்தான் இருந்தன. நாங்கள் நிறுவியிருந்த சோகோவில் அஞ்சல்கள் அவற்றைச் சேமிக்கும் ஐமேப் சர்வரிலும், நாட்காட்டியும் தொடர்புகளும் தரவுத்தளத்திலும் இருக்கின்றன. தரவுத்தளத்தை நாங்கள் பேக்கப்பில் சேர்க்கவே இல்லை. வேறொரு கணினியில் ஒரு முறையாவது முழுமையாக ரீஸ்டோர் செய்து பார்த்திருந்தால் முதல் வாரத்திலேயே இது தெரிந்திருக்கும். இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவு லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்வதால், வட்டின் அளவைக் கணக்கிடும்போது அதற்கும் இடம் விட வேண்டும்.

வெளியேறும் வழியையும் நுழையும்போதே ஒத்திகை பார்க்கலாம். ஐமேப்சிங்க் போன்ற கருவி அஞ்சல்களைக் கோப்புறையோடு புதிய சர்வருக்குக் கொண்டுபோகும். நாட்காட்டியையும் தொடர்புகளையும் அது தொடாது. சோதனைக் கணக்கு ஒன்றில் பத்து சந்திப்புகளையும், தமிழில் பெயரிட்ட தொடர்புகள் சிலவற்றையும் போட்டு, கோப்பாக ஏற்றுமதி செய்து, வேறொரு மென்பொருளில் திறந்து பாருங்கள். மாதந்தோறும் திரும்ப வரும் சந்திப்புகள் சிதையாமலும், தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக மாறாமலும் வந்தால் அந்த மென்பொருளை அடுத்த சுற்றுக்கு எடுத்துக்கொள்ளலாம்.