மலைவீதி நெரிசலைக் கணினியில் ஆராய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலையகத்தின் ஹட்டன் நகர நெரிசலைக் கணினி மாதிரியில் ஆராய விரும்பும் மாணவர் பெரும்பாலும், வீதிப் போக்குவரத்தைக் கணினியில் ஓட்டிக் காட்டும் சுமோ (SUMO) மென்பொருளையே தெரிவு செய்கிறார். ஜேர்மன் விண்வெளி மையம் 2001 முதல் எவரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி வெளியிட்டுவரும் அருமையான கருவி அது. ஆனால் அதன் ஆரம்ப அமைப்புகள் நம் வீதிகளை எண்ணி வகுக்கப்பட்டவை அல்ல. நாம் இடப்பக்கமாக ஓட்டுகிறோம் என்பதைக்கூட வீதி வலையமைப்பை உருவாக்கும்போதே சொல்ல வேண்டும்.

வீதிக்கு உயர அளவுகளைக் கொடுத்துவிட்டால் ஏற்றம் கணக்கில் சேர்ந்துவிடும் என நம்புவது அடுத்த தவறு. ஒரு வாகனம் முன்னால் செல்வதை எப்படிப் பின்தொடரும் எனக் கணிக்க சுமோவில் வழக்கமாக இயங்கும் கிரவுஸ் மாதிரி சரிவைப் பொருட்படுத்தாது. சரிவைக் கவனிக்கும் வகையை நாமே தெரிவு செய்யாவிட்டால், கொழுந்து மூட்டைகளோடு ஏறும் லொறியும் சமதரையில் செல்வதுபோலவே வேகமெடுக்கும்.

கொண்டை ஊசி வளைவுகளில் இன்னும் கவனம் வேண்டும். ஒடுங்கிய வளைவில் பஸ்ஸும் லொறியும் எதிர்ப்பட்டால், நடத்துனர் இறங்கி நின்று "பின்னுக்கு வரட்டும், வரட்டும்" என்று கை காட்ட, ஒரு வண்டி மதகுவரை பின்வாங்கிய பிறகே மற்றது நகரும். அதற்குள் இருபுறமும் வரிசை நீண்டுவிடும். கணினியிலோ எதிரெதிர்த் தடங்கள் ஒன்றையொன்று அறியாமலே ஓடுகின்றன. ஆகவே அத்தகைய வளைவை ஒருமுறைக்கு ஒரு பக்கம் மட்டும் செல்லக்கூடிய ஒற்றைத் தடமாக அமைப்பதே உண்மைக்கு நெருக்கமானது.

வீதியில் வாகன எண்ணிக்கை எடுக்கும் நாளும் முக்கியம். தோட்டச் சம்பளம் கிடைக்கும் 10ஆம் திகதியை அடுத்த நாட்களையும், டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரையிலான சிவனொளிபாதமலைப் பருவகாலத்தையும் விட்டுவிட்டு, சாதாரணச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் எண்ணியதை வைத்து நெரிசலுக்குத் தீர்வு சொல்ல முடியாது.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, கணினி தானாகவே நெரிசலைக் கலைத்துவிடுவதுதான். சுமோவில் ஒரு வாகனம் 300 விநாடிகள் அசையாமல் நின்றால், அது அவ்விடத்திலிருந்து தூக்கப்பட்டு முன்னால் இடம் உள்ள வீதியொன்றில் வைக்கப்படும். திரையில் வீதி தெளிந்திருக்கும்; நம் திட்டம் வென்றதாக நாமும் மகிழ்வோம். அந்த 300 விநாடிக்குப் பதிலாக எதிர்மறை எண் ஒன்றைக் கொடுத்தால் இச்செயல் நின்றுவிடும். நிறுத்தாவிடில், எத்தனை வாகனங்கள் தூக்கப்பட்டன என்பதை எச்சரிக்கைச் செய்திகளில் எண்ணிப் பார்த்தே ஆக வேண்டும். வலையமைப்புக்குள் நுழைய இடமின்றி வெளியே காத்திருக்கும் வாகனங்களின் தாமதமும் பயண நேரத்தில் சேர்வதில்லை. வரிசை கினிகத்தேனைப் பக்கமாக நீளும்போது அதையும் கூட்டாவிட்டால், பஸ்ஸுக்குள் தவித்திருந்தவர்களின் நேரம் கணக்கிலேயே வராது.

ஒரே ஓட்டத்தின் விடையை முடிவாகக் கொள்ளவும் கூடாது. தற்செயல் எண்களின் விதையை, அதாவது அவற்றைப் பிறப்பிக்கும் தொடக்க எண்ணை, மாற்றிப் பத்து முறையாவது ஓட்டிப் பார்த்து, அந்த விடைகளுக்கிடையே உள்ள வேறுபாட்டைவிடத் திட்டத்தால் மிச்சமாகும் நேரம் சிறியதாக இருந்தால், அத்திட்டத்தை நகரசபைக்குப் பரிந்துரைக்காதீர்கள்.