பைக் சத்தத்தை அடக்கும்போதும் வண்டியைக் கழுவும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சைலன்சர் சத்தம் போட ஆரம்பித்தால் நம் ஆட்கள் முதலில் கை வைப்பது பின்னால் இருக்கும் ஓட்டையில்தான். பழைய துணியைத் திணிப்பது, குளிர்பான டப்பாவை வெட்டி மடக்கிச் சொருகுவது, பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைச் சுருட்டி உள்ளே தள்ளுவது என்று பர்மாவில் இருக்கும் இந்த மோல்மீன் ஊரில் நான் பார்க்காத வைத்தியம் இல்லை. கம்பி நாரை நானே ஒரு மழைக்காலத்தில் திணித்துப் பார்த்தேன். மூன்று நாள் சத்தம் குறைந்த மாதிரி இருந்தது. நாலாம் நாள் முடோன் ரோட்டில் மச்சானைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போகும்போது மேட்டில் வண்டி இழுக்கவே இல்லை. ஆக்சிலேட்டரை முறுக்கினேன், நார் துண்டு துண்டாகப் பொறி பறக்க வெளியே வந்து விழுந்தது. பின்னால் குழந்தையோடு யாராவது வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன்.

அதைவிட வருத்தம், சத்தம் வந்த இடமே பின்பக்கம் இல்லை என்பது. எஞ்சினிலிருந்து பைப் வெளியே வரும் முன்பக்க மூட்டில் புகை ஒழுகாமல் அடைக்கும் கேஸ்கெட் வளையம் போயிருந்தது. ஒழுகும் இடத்தை விட்டுவிட்டு, புகை நியாயமாக வெளியேற வேண்டிய வழியை அடைத்திருக்கிறேன். அப்படி அடைத்தால் எரிந்த புகை முழுதாக வெளியே போகாது, எஞ்சின் மூச்சு முட்டும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், வால்வு பக்கம் சூடு ஏறிக்கொண்டே போகும். அதனால் சத்தத்தைக் குறைக்கிறேன் என்று பின் ஓட்டையை அடைத்து வண்டியை ஓட்டாதீர்கள்.

ரங்கூன் நகருக்குள் 2003-லிருந்து மோட்டார் சைக்கிள் ஓட்டத் தடை இருப்பதால் அங்கே இருக்கும் சொந்தக்காரர்களுக்கு இந்தத் தொல்லை அவ்வளவாகத் தெரியாது. மோல்மீன், தட்டோன், பெகு பக்கம் அப்படியில்லை, வீட்டுக்கு ஒரு வண்டி, சில வீடுகளில் மூன்று. விடியற்காலையில் புத்த பிக்குகள் பாத்திரம் ஏந்தி வரிசையாக நடந்து வரும் தெருவில் நாம் டப டப என்று கிளப்பிக்கொண்டு போகிறோம். பக்கத்து வீட்டுப் பர்மியப் பாட்டி ஒன்றும் சொல்ல மாட்டார், சிரிப்பார். பர்மியர்களின் ‘அனாடே’ குணம் நமக்குத் தெரிந்ததுதானே, அடுத்தவர் மனம் நோகுமே என்று தன் கஷ்டத்தை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். யாரும் புகார் சொல்லவில்லை என்பதால் வண்டி சத்தம் போடவில்லை என்று எடுத்துக்கொள்வதும் ஒரு தவறுதான். வேறு யாரையாவது ஓட்டச் சொல்லிவிட்டு, நீங்கள் வாசலில் நின்று உங்கள் வண்டியின் சத்தத்தை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். 10 டெசிபல் கூடினாலே காதுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகக் கேட்கும்.

சரி, ஒழுகல் எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது? காலையில், எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது பாருங்கள். ஓடி வந்த சூட்டில் பார்க்கப் போனால் கைதான் வேகும். சோப்புத் தண்ணீரைக் குழைத்து மூட்டுகளில் தடவிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள், ஒழுகும் இடத்தில் நுரை பொங்கும். அது பிடிபடவில்லை என்றால் ஒருவர் தடிமனான ஈரத் துணியை மடித்துப் பின் ஓட்டையில் இரண்டு விநாடி மட்டும் அழுத்திப் பிடிக்கட்டும். புகை வேறு எங்கே வழி தேடுகிறதோ அங்கே ‘புஸ்’ என்று கேட்கும். மூட்டைச் சுற்றிக் கரிக்கோடு படிந்திருந்தாலும் அதே அடையாளம்தான். ஆக்சிலேட்டரை விட்டவுடன் பட் பட் என்று வெடிக்கிறதா? அதற்கும் பெரும்பாலும் அந்த முன் மூட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும், வெளிக்காற்று உள்ளே புகுந்து, எரியாமல் வந்த பெட்ரோலோடு சேர்ந்து பைப்புக்குள் பற்றிக்கொள்கிறது.

அந்த மூட்டில் இருக்கும் வளையம்தான் கேஸ்கெட். ஒரு தடவை நசுங்கி உட்கார்ந்தால் அதன் வேலை முடிந்தது. பைப்பைக் கழற்றினால் புது வளையம் போட வேண்டும். ஒரு டீக்கடைச் சாப்பாட்டுச் செலவுக்குள் வரும் சாமானை மிச்சம் பிடிக்கப் போய்ப் பழசையே திருப்பிப் போடுகிறார்கள், அப்புறம் ஒரே வாரத்தில் சத்தம் திரும்பி வரும். நட்டு இரண்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்த பக்கம் போனால் வளையம் சாய்ந்து உட்காரும். துருப்பிடித்த நட்டை முரட்டுத்தனமாகத் திருப்பி, அது ஏறியிருக்கும் மரைக் கம்பியான ஸ்டட்டை ஒடித்துவிட்டால் செலவு எங்கேயோ போய்விடும், முந்தின ராத்திரியே துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஊற வையுங்கள். புது வளையம் போட்டு ஒருநாள் ஓட்டி, ஆறிய பிறகு இன்னொரு தடவை நட்டைப் பாருங்கள், லேசாகத் தளர்ந்திருக்கும். கேஸ்கெட்டுக்குப் பதிலாகச் சிவப்பு சிலிக்கான் பசையைப் பிதுக்கி அப்புவதும் நடக்கிறது. எஞ்சின் வாயில் இருக்கும் சூட்டுக்கு அது நிற்காது. இஞ்செக்‌ஷன் வண்டியாக இருந்தால் பைப்பில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரையும் அந்தப் பசை கெடுத்துவிடலாம்.

இப்போது நான் இதை எழுத உட்கார்ந்ததற்கான முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் சைலன்சரின் அடிவயிற்றில், கீழே குனிந்து பார்த்தால், நெல் மணி போகும் அளவுக்கு ஒரு சின்ன ஓட்டை இருக்கலாம். வண்டி தயாரித்தவர்களே போட்டது அது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது, பலருக்கு இது நம்ப முடியாத செய்தி. பைப் நன்றாகச் சுட்டிருந்தால் அது ஆவியாக வெளியே போய்விடும். வீட்டிலிருந்து பஜார், பஜாரிலிருந்து கோவில், கோவிலிலிருந்து வீடு என்று பத்துப் பத்து நிமிடமாக ஓட்டுகிறவர்களுக்குச் சைலன்சர் முழுதாகச் சுடுவதே இல்லை, ஆவி உள்ளேயே குளிர்ந்து தண்ணீராகத் தேங்கும். அதுவும் சும்மா தண்ணீர் இல்லை, புகையில் இருக்கும் அமிலம் கரைந்த தண்ணீர். அந்தச் சின்ன ஓட்டை அதை வடிப்பதற்குத்தான்.

என் வண்டியில் நடந்தது இது. கீழேயிருந்து தண்ணீரும் கரியும் சொட்டியதைப் பார்த்த ஒரு பட்டறையில் “ஓட்டை விழுந்திருக்கு” என்று சொல்லி அதை வெல்டிங் வைத்து அடைத்துவிட்டார்கள். நானும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், எனக்கும் அப்போது தெரியாது. இரண்டு மழைக்காலம் போனது. ஒருநாள் வண்டியை ஸ்டாண்ட் போட்டுவிட்டுக் குனிந்து கட்டை விரலால் சைலன்சரின் அடியை அழுத்தினேன், அப்பளம் மாதிரி உள்ளே போனது. வெளியில் குரோம் பளபள என்றுதான் இருந்தது. உள்ளேயிருந்து அரித்துக்கொண்டு வந்திருக்கிறது. விரல் போன அந்த இடத்திலிருந்து செங்கல் நிறத்தில் ஒரு குழம்பு வழிந்து தரையில் விழுந்தது. அதற்கு மேல் எங்கே வெல்டிங் வைத்தாலும் நிற்கவில்லை, வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே புது ஓட்டை விழுந்தது. சத்தம் போடும் சைலன்சர்களில் பாதி இப்படித்தான் செத்திருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

ஆகவே அந்த ஓட்டையை அடைக்க விடாதீர்கள், மண்ணாலும் அடைபட விடாதீர்கள். முடோன் பக்கத்துச் செம்மண் காய்ந்தால் சிமெண்டு மாதிரி இறுகும். மாதம் ஒரு தடவை பழைய சைக்கிள் ஸ்போக்கை விட்டுக் குத்தி எடுங்கள். வாரத்துக்கு ஒருநாள் அரை மணி நேரம் நிற்காமல் ஓட்டுங்கள், சல்வீன் பாலத்தைத் தாண்டி மொட்டமா வரை போய்த் திரும்பினால் போதும், உள்ளே இருப்பது காய்ந்துவிடும்.

வெளியே வாங்கிப் போட்ட சைலன்சரானால் உள்ளே ஓட்டை போட்ட குழாயைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு வைத்திருப்பார்கள், அது நாளாவட்டத்தில் கருகிப் பறந்துவிடும், சத்தம் மெல்ல மெல்லக் கூடும். சைலன்சருக்கென்று விற்கும் பஞ்சைத்தான் வைக்க வேண்டும், தலையணைப் பஞ்சை வைத்தால் தீப்பிடிக்கும். கையுறையும் மூக்குக்குத் துணியும் இல்லாமல் அந்தக் கண்ணாடிப் பஞ்சைத் தொடாதீர்கள். அதோடு, சத்தம் எல்லாமே புகையினுடையது என்று நினைக்க வேண்டாம். சூடு படாமல் இருக்க மாட்டியிருக்கும் தகட்டின் ஸ்க்ரூ கழன்றாலும் கிணுகிணுக்கும். ஆறிய வண்டியில் கையால் தட்டிக்கொண்டே போனால் தெரிந்துவிடும். நல்ல சைலன்சரைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறும் பைப் மாட்டும் தம்பிகளுக்கு ஒன்று: சத்தம் கூடியதால் வேகம் கூடிய மாதிரி காதுக்குத்தான் தோன்றும், கார்புரேட்டரைச் சரிப்படுத்தாமல் பைப்பை மட்டும் மாற்றினால் காற்றும் பெட்ரோலும் சேரும் அளவு கெட்டு எஞ்சின் அதிகமாகச் சூடாகும்.

கழுவும் கதைக்கு வருவோம். மோல்மீனில் வருஷத்துக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது, சென்னையில் பெய்வதைப் போல மூன்று மடங்கு. வானமே கழுவிவிடுகிறதே என்று மழைக்காலத்தில் வண்டியைத் தொடாமல் விடுவது பெரிய தவறு. மழை சேற்றை இடுக்குக்குள் தள்ளுகிறதே தவிர எடுப்பதில்லை, அந்தச் சேறு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

ஓடி வந்த சூட்டோடு சைலன்சரில் தண்ணீர் அடிக்காதீர்கள். குரோம் நிறம் மாறும், வெல்டிங் ஓரங்களில் விரிசல் விடலாம், உப்புத் திட்டு அப்படியே வெந்து படியும். தொட்டால் சுடாத அளவுக்கு ஆறட்டும். வாட்டர் சர்வீஸ் கடைகளில் பிரஷர் பம்பைச் சைலன்சர் வாய்க்குள்ளும், சக்கர பேரிங் பக்கமும், செயின் மேலும், சாவித் துவாரத்திலும் காட்டுவார்கள். பக்கத்தில் நின்று வேண்டாம் என்று சொல்லுங்கள், இதில் அனாடே பார்க்கக் கூடாது. பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவான திஞ்சான் சமயத்தில் இன்னும் மோசம், நம் சித்திரைப் பிறப்பும் அதே நாட்களில்தான் வரும், கோவிலுக்குப் போய் வருவதற்குள் பத்து இடத்தில் குழாய் பீய்ச்சுவார்கள். வீட்டுக்கு வந்ததும் அப்படியே ஓரமாக நிறுத்திவிடாமல் கொஞ்ச நேரம் ஓட்டி உலர்த்தி, செயினுக்கு எண்ணெய் விடுங்கள்.

துணி துவைக்கும் சோப்புத்தூள் பெயிண்டை மங்கவைக்கும், காரம் அதிகம். பைக் ஷாம்பு இருந்தால் அது, இல்லாவிட்டால் தலைக்குப் போடும் ஷாம்பு கொஞ்சம் போதும். டீசல் தெளித்துத் துடைத்தால் பளபளப்பாகத்தான் இருக்கும், ஆனால் ரப்பரை அது கெடுக்கும், பிரேக்கில் பட்டால் உயிருக்கே ஆபத்து. பழைய எஞ்சின் ஆயிலைச் சைலன்சரில் பூசினால் துரு வராது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அடுத்த தடவை சூடானதும் அது கருகிப் பிடித்துக்கொள்ளும், அந்தக் கறையை எடுக்கவே முடியாது.

செட்சே கடற்கரைக்கோ கடலோரச் சைக்கமி பகோடாவுக்கோ போய் வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவுங்கள், மறுநாள் வரை வைக்காதீர்கள். ரப்பர் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பால் உறைய விடும் ஆசிட் கேனை வண்டியில் கட்டிப் போகும்போது சொட்டினால் அது குரோமையும் இரும்பையும் தின்றுவிடும். சொட்டின இடத்தில் நிறையத் தண்ணீர் விட்டு உடனே கழுவ வேண்டும்.

மழைக்கோட்டின் பிளாஸ்டிக் சைலன்சரில் உருகி ஒட்டாத வண்டி இந்த ஊரில் உண்டா? அதைக் கத்தியால் சுரண்டாதீர்கள். வண்டியை ஓரிரு நிமிடம் ஓட விட்டு, பிளாஸ்டிக் இளகும்போது எஞ்சினை அணைத்துவிட்டு, மூங்கில் சிம்பால் தள்ளி எடுத்து, மிச்சத்தைப் பருத்தித் துணியால் துடையுங்கள். குரோமில் துருப்புள்ளி இருந்தால் கம்பி நாரைக் கொண்டு தேய்க்க வேண்டாம், கீறல் விழுந்து அதன் வழியாகவே இன்னும் துரு ஏறும். சாப்பாடு பொட்டலம் கட்டும் அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். அலுமினியம் குரோமைவிட மென்மையானது, துரு மட்டும் கழன்று வரும். பெயிண்ட் அடிப்பதானால் சூடு தாங்கும் சைலன்சர் பெயிண்ட்தான், துருவை முழுக்க எடுத்த பிறகுதான்.

இன்னொன்று, இது சத்தத்தையும் அழுக்கையும்விடப் பெரிது. ராத்திரி வண்டியை வீட்டுக்குள் ஏற்றி வைப்பது நம் பழக்கம். காலையில் உள்ளேயே ஸ்டார்ட் செய்து சூடேற விடாதீர்கள், முன் மூட்டு ஒழுகும் வண்டியை நிச்சயமாகக் கூடாது. அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, தூங்கிக்கொண்டிருக்கும் குழந்தைக்குத் தெரியவே தெரியாது. வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்து கிளப்புங்கள்.

கழுவும்போது சைலன்சர் வாயில் பிளாஸ்டிக் பை கட்டுவது நல்ல பழக்கம்தான், ஆனால் கழற்ற மறந்து ஸ்டார்ட் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன், எஞ்சின் இருமி நிற்கும், பை உருகி உள்ளே ஓடும். அதனால் பையைக் கட்டும் கயிற்றிலேயே வண்டிச் சாவியையும் முடிந்து தொங்கவிடுங்கள்.